வெல்லுகிற ஆட்டத்தை விட்டு வந்த மனேஜர்

எங்கள் ஊர்க் கழகம் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முதன்முதலாகப் போனது இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். ஆட்டம் நடந்தது முல்லைத்தீவுக் கரையிலிருந்து உள்ளே, காடும் வயலும் சந்திக்கிற ஒரு கிராமத்து மைதானத்தில். அன்று பட்ட பயத்தைப் போல நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. ஆகவே அன்றைய பயம் வேறு மாதிரியானது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஸ்கந்தபுரத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். உயர்தரம் வரை படித்தேன். கலியாணம் முடித்துக் கடற்கரைப் பக்கம் வரும்வரை ஓர் உதைபந்தாட்டத்தை நின்று பார்த்ததுகூட இல்லை. என் கணவர் படகு இயந்திரம் திருத்துகிறவர். பின்னேரங்களில் கழகத்தின் கோல் கீப்பர். அவர் விளையாடுவதைப் பார்க்கப் போய்ப் போய், எனக்கே தெரியாமல் நானும் ரசிகையாகிவிட்டேன். உண்மையைச் சொன்னால், விளையாடுகிறவர்களைவிடக் கோட்டுக்கு வெளியே நிற்கிற மனேஜரைத்தான் நான் கூடுதலாகப் பார்ப்பேன்.

ஊர்க் கழகத்தில் மனேஜர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் பேசுவது, பந்துக்குக் காற்றடிப்பது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவது, சண்டை வந்தால் நடுவில் போய் நின்று இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குவது, எல்லாம் அவர்தான். ஐம்பது வயது தாண்டிய மெலிந்த மனிதர். சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் "மனேஜர் அண்ணை". எங்கள் பெடியள் கோல் போட்டு மற்றவர்கள் துள்ளும்போது அவர் துள்ளமாட்டார். விழுந்து கிடக்கிற பெடியன் எழும்பிவிட்டானா என்றுதான் பார்ப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் ஆட்டம் என்றால் முதல்நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விளையாட்டுக்காரனின் வீட்டுப் படலையிலும் நிற்பார். உள்ளே வரமாட்டார். தாயைக் கூப்பிட்டு, "அம்மா, நாளைக்குப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போறன். பொழுதுபட முதல் கொண்டுவந்து விடுவன்" என்று சொல்லுவார். தாய் "ஓம் தம்பி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வீடு. எங்கள் ஊரில் ஒரு தாயிடம் வந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லுவது சின்ன விஷயமில்லை. சண்டைக் காலத்தில் அப்படிப் போன பிள்ளைகள் வருவார்கள் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. படலைக்கு வருவார், கேட்பார், போவார்.

என் படலைக்கும் வருவார். "தங்கச்சி, இவரைக் கூட்டிக்கொண்டு போறன். கை கால் முழுசாத் திருப்பித் தருவன்."

கணவருக்கு வெட்கமாக இருக்கும். "எனக்குப் பிள்ளையும் பிறந்திட்டுது. இந்த மனுசன் என்னைப் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கேட்டு வாங்கிக்கொண்டு போகுது" என்பார். எனக்கு மட்டும் அன்றிரவு கொஞ்சம் நிம்மதியாக நித்திரை வரும்.

இறுதி ஆட்டத்துக்கு நானும் போவதா இல்லையா என்று அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து கொஞ்சக் காலம். பிறந்ததிலிருந்தே முட்டு வருத்தம். சளி பிடித்தால் போதும், நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு முந்தின மாதம்தான் ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்துவிட்டு வந்திருந்தோம். மாமி வேண்டாம் என்றார். கணவர் என் முகத்தை மட்டும் பார்த்தார். போகாவிட்டால் அவர் மனம் நோகும், போனால் பிள்ளைக்கு ஏதாவது வரும். கடைசியில் போனேன். துவாய், சுடுதண்ணிப் போத்தல், மாற்றுச் சட்டை, மருந்துப் பம்ப், குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறும்போது மனேஜர் அண்ணை மகளைப் பார்த்து, "ஓ, இண்டைக்கு எனக்குப் பொறுப்பு ஒண்டு கூட" என்று சிரித்தார்.

மைதானத்தின் ஒரு பக்கத்தில் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. அதைவிட்டால் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கத்தில் றோட்டோரமாக எங்கள் பஸ்ஸும் மற்றக் கழகத்தின் பஸ்ஸும் நின்றன. பிள்ளைகளோடு வந்த பெண்கள் எல்லோரும் மரத்தின் கீழ்தான். நானும் துவாயை விரித்து அங்கேயே இருந்தேன். முதல் பாதியில் எங்கள் பெடியள் ஒரு கோல் போட்டார்கள். மகள் கோல் அடித்தது அப்பாதான் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினாள். நான் திருத்தவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியபோது காட்டுப் பக்கம் வானம் கறுத்தது. காற்று நின்றுபோனது. தூரத்தில் எங்கோ இடி உறுமியது. ஐப்பசியில் பின்னேர இடி எங்களுக்குப் புதிதல்ல, ஒருவரும் அசையவில்லை. மனேஜர் அண்ணை மட்டும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மின்னினால் அவர் வாய் முணுமுணுக்கும், இடி கேட்டதும் நிற்கும். திரும்ப மின்னும், திரும்ப முணுமுணுப்பார். ஏதோ மந்திரம் சொல்லுகிறார் என்று பக்கத்தில் இருந்த அக்கா சிரித்தார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அவர் நடுவரிடம் போய் ஏதோ சொன்னார். நடுவர் வானத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், போ என்பதுபோலக் கையை விசுக்கினார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முதல் துளிகள் விழுந்தன. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. ஆட்டம் நிற்கவில்லை. வெளியே நின்றவர்களும் மரத்தின் கீழ் ஓடி வந்தார்கள். நான் மகளைத் துவாயால் சுற்றி, மரத்தின் அடியோடு ஒட்டிக்கொண்டேன். மகளில் ஒரு துளி படக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் இல்லை.

அப்போதுதான் அவர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார். "வெளியில வாங்கோடா! எல்லாரும் வெளியில! பஸ்ஸுக்கு ஓடு!" என்று கத்தினார். பெடியள் திகைத்துப்போய் நின்றார்கள். நடுவர் ஊதிக்கொண்டே அவரை நோக்கி ஓடினார். ஒலிபெருக்கியில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர், மைதானத்தை விட்டு வெளியேறினால் கிண்ணம் மற்றக் கழகத்துக்குத்தான் என்று அறிவித்தார். சனம் கூக்காட்டியது. ஒவ்வொருவராகப் பெடியள் வெளியே வந்தார்கள். என் கணவர் மட்டும் வரவில்லை. இரும்புக் கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வரமாட்டன் அண்ணை. வெல்லுற மட்ச் இது!"

"கம்பியில இருந்து கையை எடு!"

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே?"

"ஓம், விசர்தான். கையை எடு!"

அவர் போய்க் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததை மழைக்குள்ளால் பார்த்தேன். அந்தக் கணம் வானம் வெடித்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. என் கால் நிலத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மகள் வாய் திறந்து அழுகிறாள், அழுகைச் சத்தம் காதில் விழவில்லை. ஒலிபெருக்கி செத்துப்போனது. அதன் பிறகும் ஆட்கள் மரத்தை விட்டு வெளியே போகவில்லை. இன்னும் உள்ளே நெருக்கினார்கள்.

மனேஜர் அண்ணை பஸ் பக்கம் போகாமல் நேராக மரத்தை நோக்கி ஓடிவந்தார். "மரத்தை விடுங்கோ! எந்தக் கழகமெண்டாலும் பரவாயில்லை, பஸ்ஸுக்குள்ள ஏறுங்கோ! குடையை மடக்குங்கோ!" கொஞ்சப் பேர் ஓடினார்கள். கொஞ்சப் பேர் நின்றபடியே சிரித்தார்கள். "மனேஜருக்கு மூளைக்குள்ள மழைத்தண்ணி பூந்திட்டுது" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

என்னிடம் வந்தார். "தங்கச்சி, வா."

"அண்ணை, பிள்ளைக்கு முட்டு. நனையேலாது."

"நனைஞ்சா ஆஸ்பத்திரி இருக்கு. இடி விழுந்தா ஒண்டும் மிஞ்சாது. வா."

நான் அசையவில்லை. இந்த மைதானம் முழுவதையும் மழைக்குள் கடக்க வேண்டும். கடந்தால் மகளுக்கு முட்டு வரும், அது நிச்சயம். இடி இந்த மரத்தில் விழும் என்பது நிச்சயமில்லை. நான் படித்தவள்தான். இடிமின்னலில் மரத்தின் கீழ் நிற்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிச் சரி வாங்கியவள்தான். ஆனால் கையில் நோய்க்காரப் பிள்ளை இருக்கும்போது அந்தப் படிப்பு எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒரு பயம் மற்றப் பயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அவர் பிள்ளையைப் பறிக்கவில்லை, என் கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து மரத்தில் தோள் முட்ட நின்றார். "சரி. நீ வராட்டி நானும் இதிலதான் நிப்பன்" என்றார். அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரால் அல்ல. அந்த மரத்தின் கீழ் நின்றவர்களுக்குள் எல்லோரையும்விடப் பயந்தவர் அவர்தான். அந்தப் பயத்தோடு, தன் பிள்ளை ஒன்றும் நிற்காத இடத்தில், அவர் வந்து நிற்கிறார்.

நான் ஓடினேன். குடையைக் காற்று எங்கோ கொண்டு போனது. துவாய் ஒரு நொடியில் நனைந்து பாரமாகிவிட்டது. செருப்பு ஒன்று சேற்றுக்குள் போனது. அவர் என் பின்னால் ஓடிவந்துகொண்டு, "குனிஞ்சு வா, குனிஞ்சு வா" என்றார். பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது பின்னால் இன்னுமொரு வெடி. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்குள் எங்கள் பெடியள், மற்றக் கழகத்துச் சனம், பிள்ளைகள் எல்லோரும் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தோம். கண்ணாடிக்குள்ளால் எல்லோரும் அந்த வாகை மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும், இதோ இப்போது என்று மகளை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். கீழே நிற்கிற ஆட்கள் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு முறை தெரிந்து மறைவார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மழை வந்த மாதிரியே போனது. வெயில்கூட எறித்தது. மரம் சொட்டச் சொட்ட நின்றது. கீழே நின்றவர்கள் உடுப்பைப் பிழிந்துகொண்டு சிரித்துப் பேசி வெளியே வந்தார்கள். ஒரு காகம் வந்து கொப்பில் இருந்தது. நடுவர் மற்றக் கழகத்துக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார். அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பஸ்ஸைச் சுற்றி ஆடினார்கள். "இடிக்குப் பயந்த மனேஜர்! வீட்ட போய்ப் பாய்க்குள்ள படுங்கோ!" என்று ஒருவன் கண்ணாடியில் தட்டினான். மனேஜர் அண்ணை முன் சீட்டில் ஈரச் சட்டையோடு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். என் கணவர் கையுறையைக் கழற்றிக் காலடியில் எறிந்தார்.

பாதி வழியில் மகளின் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. நான் மாற்றுச் சட்டை போட்டிருந்தேன், பம்பும் அடித்தேன். குறையவில்லை. விலாப் பக்கம் உள்ளே போய்ப் போய் வந்தது. மூச்சு விடும்போது விசில் சத்தம். என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. "உங்களாலதான்! நான் வரமாட்டன் எண்டு சொன்னனான்! ஒண்டும் நடக்கேல்லை, பாருங்கோ, ஒண்டும் நடக்கேல்லை!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் எழும்பி டிரைவரிடம், "ஒரு இடமும் நிப்பாட்டாதை, நேர ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார். அந்த ஈரம் சொட்டுகிற கழகம் முழுவதும், கிண்ணமும் இல்லாமல், என் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தது.

முகமூடி வைத்தார்கள். ஊசி போட்டார்கள். பொழுதுபட்டு விளக்குப் போடும் நேரத்தில் மூச்சு கொஞ்சம் ஒழுங்காகியது. மறுநாள் காலை அவள் கட்டிலில் இருந்து பாண் கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அழுதேன்.

பார்வையாளர் நேரத்துக்கு மனேஜர் அண்ணை வந்தார். கையில் பிஸ்கட் பெட்டி. உள்ளே வராமல் வார்ட்டு வாசலில் நின்றார். நான்தான் வெளியே போனேன்.

"பிள்ளை எப்பிடி?"

"இப்ப பரவாயில்லை அண்ணை."

"நான் சொல்லித்தானே நனைஞ்சது. அது எனக்குத் தெரியும்" என்றார். பிஸ்கட் பெட்டியை என் கையில் தந்தார். பிறகு, "செய்தது சரியோ பிழையோ எண்டு இரவு முழுக்க யோசிச்சனான் தங்கச்சி" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரவு முழுக்க யோசிப்பது என்னுடைய வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். மைதானத்துக்குள் அப்படி நடந்து போன மனிதருக்குச் சந்தேகமே இருந்திருக்காது என்று நினைத்திருந்தேன். "சந்தேகம் இருந்தா ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"யோசிக்கிறதெண்டா எல்லாரையும் பஸ்ஸுக்குள்ள ஏத்திப்போட்டு யோசிக்கலாம்தானே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நல்ல பெரிய கப் தங்கச்சி அது. கடையில வைக்க இடமும் துடைச்சு வச்சிட்டு வந்தனான்" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கிண்ணம் வேண்டாம் என்று விட்டு வந்தவரல்ல அவர்.

அடுத்த மாதம் கழகக் கூட்டத்தில் மனேஜரை மாற்றினார்கள். கணவர் வந்து குசினி வாசலில் நின்று சொன்னார்.

"நீங்களும் கை தூக்கினீங்களோ?"

"எல்லாரும் தூக்கினாங்கள்."

"நான் உங்களைக் கேட்டனான்."

"அந்த மரத்துக்கு ஒண்டும் நடக்கேல்லைதானே! நிண்டவங்கள் எல்லாரும் உயிரோடதானே இருக்கிறாங்கள்!"

"மரத்தைப் பற்றி நான் கேக்கேல்லை" என்றேன். அதற்குமேல் என்ன சொல்லுவது? பஸ்ஸுக்குள் நான் கத்தியதும் அதே சொல்தானே.

மனேஜர் அண்ணை சண்டை பிடிக்கவில்லை. காற்றுப் பம்பையும் பந்துப் பையையும் புதியவரிடம் கொடுத்துவிட்டார். பிறகு வவுனியாவில் இருக்கிற தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். சைக்கிள் கடை இப்போது தொலைபேசிக் கடை. புதிய மனேஜர் கெட்டிக்காரர், சென்ற வருடம் ஒரு கிண்ணமும் வென்றோம். நானும் கைதட்டினேன். போன மாசியில் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் இடி முழங்கியது. கணவர் பெடியளையும் கூட்டிக்கொண்டு வேளைக்கே வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி கேட்டார். யோசித்துத்தான் வந்தாரோ, பசியில் வந்தாரோ, நான் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது முட்டு குறைந்துவிட்டது. ஆனாலும் அவளை எங்காவது அனுப்பும்போது, அனுப்பாமல் மறிக்கும்போது, செய்தது சரியா பிழையா என்று இன்னும் மணிக்கணக்காக யோசிக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள், மாமியும் சிரிக்கிறார். நான் மறித்த நாளில் ஒன்றும் நடக்காவிட்டால், பார்த்தாயா என்கிறார்கள். அந்த மனிதருக்கும் அதைத்தான் சொன்னார்கள். கிண்ணத்தையும் பெயரையும் கொடுத்து அவர் வாங்கித் தந்தது ஒன்றும் நடக்காத ஒரு பின்னேரத்தைத்தான். நடக்காமல் போன ஒன்றுக்கு ஒருவருக்கு எப்படி நன்றி சொல்லுவது என்று தெரியாமல், வவுனியா பஸ்ஸைக் காணும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.